ஐம்பது லட்சம் பெண்களைப் பெற்றவள்

உழுபவர் உரிமை வாரியம் சான் எமெதேரியோவுக்கு வந்தபோது முதலில் ஒரு முத்திரைக் கட்டை வந்தது. அதை வைக்க ஒரு மேசை வந்தது. மேசைக்குப் பின்னால் போட ஒரு நாற்காலி, நாற்காலியில் உட்கார ஒரு மனிதர் என்று ஒவ்வொன்றாகப் பஸ்ஸில் வந்து இறங்கின. மனிதர் வந்து சேர ஏழு மாதமாயிற்று. அவர் பெயர் லெயோவிகில்தோ பின்சோன். எங்கள் நாட்டில் மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர் எல்லோரும் டாக்டர்தான். அவர் ஊசி போட மாட்டார். நாமும் கேட்கக் கூடாது.

நான் வாரியத்துக்கு எதிரே, மாதா கோயில் சுவரோரம் தட்டச்சு இயந்திரம் வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுப்பவன். பெயர் எலியோடோரோ. மரியாதைக்கு முன்னால் 'டான்' சேர்ப்பார்கள். முப்பது வருடமாக இந்த ஊர்க்காரர்களின் குறைகளை 'மேன்மை தங்கிய' என்று ஆரம்பித்துக் 'கீழ்ப்படிதலுள்ள' என்று முடித்துக் கொடுக்கிறேன். நடுவில் என்ன எழுதினாலும் ஒன்றுதான், யாரும் படிப்பதில்லை. ஆன்செல்மோ குவல்த்ரோன் விஷயத்தில்தான் முதன்முறையாக ஒரு மனுவை முழுக்கப் படித்தார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஆன்செல்மோவுக்கு ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஏழு ஏக்கர். இருபத்திரண்டு வருடமாக அதில் மரவள்ளி போடுகிறான். பழைய முதலாளி பெண்டாட்டிக்குப் பயந்து வெனிசுவேலாவுக்குப் போனவர், திரும்பவே இல்லை. கல் பொறுக்கியது, வரப்பு கட்டியது, மண்வீடு போட்டது எல்லாம் ஆன்செல்மோவும் அவன் மனைவி ஹெர்மெலிண்டாவும்தான். காகிதம் மட்டும் கிடையாது. வாரியத்தின் சட்டமோ ஒரே வரி: நிலத்தில் தொடர்ந்து பயிர் செய்பவருக்கே நிலம். ஜூன் முப்பதுக்குள் பட்டா ஆகாத நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும். அரசாங்கம் அந்தச் சரிவில் என்ன செய்யும் என்று சட்டத்தில் எழுதவில்லை.

மனு கொடுத்தாயிற்று. பயிரைப் பார்வையிட நாளும் குறித்தாயிற்று. அந்த வாரம் பார்த்து எறும்பு இறங்கியது. இலைவெட்டி எறும்பு இறங்கினால் மூன்று நாள் போதும். ஏழு ஏக்கரிலும் குச்சி மட்டும் நின்றது.

"டான் எலியோடோரோ, ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லி எழுதிக் குடுங்க. குச்சிக்கு உசுரு இருக்கு, துளிர்த்துடும். இப்ப வந்து பார்த்தா தரிசுன்னு எழுதிடுவாங்க," என்றான் ஆன்செல்மோ.

எழுதினேன். 'எறும்புகள் இலைகளைக் கொண்டு சென்றுவிட்டபடியால்' என்று நயமாகவே எழுதினேன். வாரியத்தின் பதிவேட்டில் பயிர் இழப்புக்கு மூன்று கட்டங்கள் உண்டு: வறட்சி, வெள்ளம், ஆயுதம் தாங்கியோர். எறும்புக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் டாக்டர் பின்சோன் மனுவைப் படிக்க வேண்டியதாகிவிட்டது. படித்தவர் மறுநாள் காலையிலேயே மலையேறினார். வாரியத்துக்குத் தட்டச்சு இயந்திரம் இன்னும் பொகோட்டாவிலிருந்து வந்து சேராததால் என்னையும் என் இயந்திரத்தையும் ஒரே கோவேறு கழுதை மேல் ஏற்றினார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் சான்டான்டேர் மலைக்காரனிடம் அவன் மகனைத் திருடன் என்று சொல்லலாம், பொறுத்துக்கொள்வான். எறும்பைப் பற்றி மட்டும் வாயைக் கிளறக் கூடாது. மழைக்காலத்தில் புற்றிலிருந்து பறந்து வரும் இளவரசி எறும்பைப் பிடித்து, இறக்கை கிள்ளி, உப்புத் தண்ணீரில் போட்டு, சட்டியில் வறுத்துத் தின்கிற ஜனங்கள் நாங்கள். அவள் பின்பக்கம் கொண்டைக்கடலை அளவு இருக்கும். அதனால் குண்டிக்காரி என்றே கூப்பிடுகிறோம், மரியாதையாகத்தான். வேறு மாகாணத்துக்காரன் முகம் சுளித்தால் எங்களுக்கு இன்னும் பெருமை. பயிரை அழித்தாலும் அவள் எங்கள் எறும்பு.

"பயிர் எங்கே?" என்றார் டாக்டர் பின்சோன், குச்சிகளைப் பார்த்து.

"கீழ இருக்கு டாக்டர்."

"கிழங்கைச் சொல்றீங்களா?"

"கிழங்கும் இருக்கு. நான் சொல்றது இலையை. எறும்பு கொண்டுபோய் வெச்சிருக்கு. அது இலையைத் தின்னுடும்னு நெனைச்சீங்களா? சேச்சே! மென்னு கூழாக்கி, பாத்தி கட்டி, அதுல காளான் வளர்க்கும். அந்தக் காளானைத்தான் சாப்பிடும். விவசாயம் பண்ணுது டாக்டர்!"

டாக்டரின் பேனா நின்றது. "விவசாயமா?"

"களை எடுக்கும், எருப் போடும். வேண்டாத பூசணம் முளைச்சா புடுங்கி எறிஞ்சிடும்."

"தொடர்ந்து செய்யுதா?"

"ஒரு நாள் லீவு கெடையாது. ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடப் போகாது."

"எத்தனை வருஷமா?"

நான் அவன் காலை மிதித்தேன். அவன் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மேலே பேசினான். "நான் இங்க வந்து முதல் கடப்பாரை போட்ட அன்னிக்கே இதே ராணி இருந்தா டாக்டர். என்னைவிட மூத்த குடித்தனம்!"

ராணி எறும்பு பதினைந்து இருபது வருடத்துக்கு மேல் வாழாது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பெருமையடிக்கிறவன் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

"சாலை வசதி?" என்றார் டாக்டர், படிவத்தைப் பார்த்து.

ஆன்செல்மோ கை நீட்டினான். ஒரு சாண் அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கிய பாதை, குன்றின் வளைவுக்கெல்லாம் வளைந்து போயிற்று. போகிறவை இடப்பக்கமும் வருகிறவை வலப்பக்கமும் என்று அவன் சொன்னான். அது கொஞ்சம் மிகை. டாக்டர் குனிந்து பாதையை அளந்தார். எங்கள் ஊருக்குப் பத்தொன்பது வருடமாக வரப்போகிற தார்ச்சாலையை அவர் அந்த நேரத்தில் நினைத்திருக்கலாம்.

"கழிவு அகற்றும் ஏற்பாடு?"

"தனி அறை டாக்டர். குப்பை அள்றவளுக தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாளுக. நோய் பரவிடும்ல?"

"எல்லாரையும் பொம்பளை மாதிரியே சொல்றீங்களே."

"எல்லாம் பொம்பளைங்கதான். உழைக்கிறது, காவல் காக்கிறது, புள்ளை வளர்க்கிறது, பூரா பொம்பளை. ஒரே தாய் வயித்துப் புள்ளைங்க. ஐம்பது லட்சம் இருக்கும் டாக்டர். கூட இருக்குமே தவிரக் குறையாது!"

"இந்த வீட்டுலயும் உழைக்கிறது பொம்பளைதான், அதையும் எழுதிக்குங்க டாக்டர்," என்று அடுப்படியிலிருந்து ஹெர்மெலிண்டாவின் குரல் வந்தது. பின்னாலேயே அவளும் கறுப்புக் காப்பியும் ஒரு தட்டு வறுத்த குண்டிக்காரிகளும் வந்தன. டாக்டர் பின்சோன் இரண்டு கைப்பிடி சாப்பிட்டார்.

பிறகு வாய் துடைத்துக்கொண்டு அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'உண்மையில் பயிர் செய்பவர்: எறும்புகள். ஆன்செல்மோ குவல்த்ரோன்: மேற்படி நிலத்தில் பின்னாளில் வந்து தங்கியவர்.'

என் விரல் நின்றுவிட்டது. "டாக்டர், எறும்பு மனுவே குடுக்கலையே?"

"மனு குடுக்கத் தெரியாத ஏழைகளுக்காகத்தான் வாரியம் இருக்கு, டான் எலியோடோரோ. சட்டத்துல மனுஷன்னு எங்கயும் போடலை. எனக்கு மட்டும் எறும்பு மேல பாசமா? என் கணுக்காலைப் பாருங்க, எப்படிக் கடிச்சிருக்கு. ஆனா நான் சட்டத்தை மீறி ஒண்ணும் பண்ண முடியாது. மீறணும்னா மேலிடத்து அனுமதி வேணும்."

அடுத்த வாரம் எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கொடுக்க அவர் மறுபடியும் வந்தார். புற்றின் வாயருகே நின்று, மூன்று தடவை உரக்கப் படித்தார். காகிதத்தைக் கீழே வைத்தார். கால்மணி நேரத்துக்குள் எதிர்த்தரப்பார் அதைத் துண்டு துண்டாக வெட்டித் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு பொடி எறும்பு ஏறி உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டு போயிற்று. கடைசித் துண்டு உள்ளே போகும்வரை டாக்டர் குனிந்து பார்த்தார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு நோட்டீஸை இவ்வளவு மரியாதையா வாங்கினவங்களை நான் பார்த்ததில்லை. உங்க ஜனங்க என்னைப் பார்த்தா நாயை அவுத்து விடுவாங்க," என்றார். 'அறிவிப்பு உடனடியாகவும் முழுமையாகவும் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதினார். ஆன்செல்மோ தன் பிரதியை வாங்கிக் கையெழுத்தைக் கோட்டுக்கு அரை விரல் கீழே போட்டுவிட்டான். ஆகவே அவன் பெற மறுத்ததாகப் பதிவாயிற்று.

பிறகு மதிப்பெண் பட்டியல் வாரியத்தின் கரும்பலகையில் வந்தது. குடும்பத் தலைவி பெண் என்றால் இருபது மதிப்பெண். கணவன் இருப்பிடம் தெரியாவிட்டால் பத்து. அவளை நம்பி இருக்கும் ஒவ்வொரு உயிருக்கும் இரண்டு. ராணிக்கு ஒரு கோடியே முப்பது. ஆன்செல்மோவுக்கு மனைவி கணக்கில் இரண்டு. அதிலும் ஒன்றைக் கழித்திருந்தார்கள். காரணம் அடிக்குறிப்பில் இருந்தது: 'எதிர்த்தரப்பின் பெண் வாரிசுகளை வறுத்து உட்கொண்டது.' அதே தட்டில் டாக்டர் உட்கொண்டது 'ஆய்வின் பொருட்டுச் சுவைத்தது' என்று தனியாக இருந்தது. ஆவணத்தில் குண்டிக்காரி என்ற சொல் வரக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டதால் 'பின்பகுதி செழித்த பயனாளி' என்று போட்டிருந்தார்கள்.

ஆன்செல்மோ கரும்பலகையைப் படித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கை முழுக்கக் காய்ப்பு. அந்தக் கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"புத்துல மருந்து வெச்சுத் தொலையேன்யா," என்றேன்.

"வழக்கு நடக்கும்போது எதிராளிக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னை உள்ள வெப்பாங்களாம். டாக்டர் சொல்லிட்டாரு." சற்றுப் பொறுத்து, "அதுவும் போக, அவளை எப்படிங்க..." என்று இழுத்தான்.

"இவரு வாய்தான் எங்களைக் கெடுத்துச்சு," என்றாள் பின்னால் நின்ற ஹெர்மெலிண்டா. "இந்தாய்யா, இன்னியிலேர்ந்து எறும்புன்னு ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சு, அடுப்படிப் பக்கம் வராதே."

ஐந்து வாரம் அவன் எறும்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. சந்தையில் யாராவது எறும்பைப் பற்றித் தப்பாகப் பேசினால்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்துவிடுவான். பார்க்கப் பாவமாக இருக்கும்.

விசாரணை மே மாதக் கடைசியில் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. பொகோட்டாவிலிருந்து வாரியத்தின் தலைவரே வந்தார். டாக்டர் ஃபுல்கென்சியோ உர்தனேத்தா. குளிர்ப் பிரதேசத்துக் கம்பளிக் கோட்டில் எங்கள் ஊர் வெயிலுக்கு அவித்த கிழங்கு மாதிரி ஆவி பறக்க நின்றார். கூட ஒரு புகைப்படக்காரர். ஊரே கூடியிருந்தது. நான் மேடையோரம் இயந்திரத்தோடு.

"பெருமக்களே!" என்று ஆரம்பித்தார் தலைவர். "முப்பத்தொரு வருஷமா இந்த வாரியம் ஒரு பட்டாவைக்கூடத் தப்பான ஆளுக்குக் குடுத்ததில்லை. எப்படி முடிஞ்சது? யாருக்குமே குடுக்கலை! அவசரப்பட்டாத்தானே தப்பு வரும்? இன்னிக்கு எங்க முதல் பட்டாவைக் குடுக்கப் போறோம். யாருக்கு? எங்களைக் கேள்வி கேட்காத ஒரு தாய்க்கு. அவங்க பொண்ணுங்க தினமும் ஊர்வலம் போறாங்க, ஒரு கோஷம் உண்டா? வரிசையில நிக்கிறாங்க, ஒருத்தர் முணுமுணுத்தது உண்டா? இப்படி ஐம்பது லட்சம் பேர் முன்னாடியே கெடைச்சிருந்தா இந்த நாட்டை எப்பவோ முன்னேத்தியிருப்போம். மனுஷங்களை வெச்சுக்கிட்டு நாங்க பட்ட பாடு உங்களுக்கென்ன தெரியும்!"

அதிகாரிகள் கைதட்டினார்கள்.

பட்டாவை நீட்டியபோதுதான் சிக்கல் வந்தது. பயனாளி நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும். மைப்பெட்டி தயார். ராணி புற்றைவிட்டு வெளியே வரமாட்டாள். வர இயலாதவர் சார்பில், அடையாள அட்டை உள்ள குடும்பத்தார் ஒருவர் கையெழுத்திடலாம் என்று விதி இருக்கிறது. ஐம்பது லட்சம் பேரில் ஒருத்தியிடமும் அட்டை இல்லை. தலைவருக்கு மூன்று மணிப் பஸ். புகைப்படக்காரர் வேறு கடிகாரத்தைக் காட்டினார்.

டாக்டர் பின்சோன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வழி இருக்கு டாக்டர். ஒரே நிலத்து விளைச்சலை உண்டு ஒரே நிலத்தில் வசிப்போர் ஒரே குடும்பம்னு இருக்கு. குவல்த்ரோன் அங்கதான் இருக்கார். அவர் பயிரை அவங்க சாப்பிட்டிருக்காங்க, அவங்களை அவர் சாப்பிட்டிருக்கார். இதைவிட நெருக்கம் என்ன வேணும்? ராணியம்மாவுக்கு மகன்னு பதிஞ்சிடலாம்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "ஹெர்மெலிண்டா, உனக்குப் புது மாமியார்டீ!" என்று யாரோ கத்தினார்கள்.

"முன்னால இருந்தவளுக்கு இவ எவ்வளவோ தேவலை," என்றாள் ஹெர்மெலிண்டா. "பூமியை விட்டு வெளியவே வரமாட்டா."

"மகன் கையெழுத்துப் போட்டா நிலத்துல பங்கு உண்டா டாக்டர்?" என்று ஆன்செல்மோ கேட்டான்.

"ஆம்பிளைப் புள்ளைக்குப் பங்கு இல்லை. கையெழுத்துப் போட்டுட்டு ஜூன் முப்பதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடணும். பாதுகாப்பில்லாத விதவை மகள், விதவை மருமகள், இவங்களுக்கு மட்டும்தான் கூட்டுப் பட்டா," என்று டாக்டர் பின்சோன் விரலை வரிமேல் ஓட்டிப் படித்தார்.

ஆன்செல்மோ தலை குனிந்தான். இருபத்திரண்டு வருடத்துக் கல்லும் வரப்பும் அந்த ஒரு வரியில் போயிற்று. எனக்குத் தட்டச்சின் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஹெர்மெலிண்டா கணவனைப் பார்க்கவில்லை. டாக்டரின் விரல் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"டாக்டர், ஒரு சின்ன சந்தேகம். என்னை எறும்பு வீட்டுல சேர்த்துட்டீங்க, அந்த வீட்டு நடைமுறை தெரிய வேண்டாமா? அங்க ஆம்பிளைங்க கதி என்னன்னு எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. இந்த மலையில எறும்பைப் பத்தி அவரளவுக்குத் தெரிஞ்சவங்க கெடையாது." அவன் பக்கம் திரும்பினாள். "சொல்லுய்யா. இப்ப சொல்லலாம்."

ஐந்து வாரம் அடைத்து வைத்தது உடைத்துக்கொண்டு வந்தது.

"ஆம்பிளையா? வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர்! மழை விட்டு வெயில் அடிச்சதும் பொறப்படுவான். பொறந்ததுலேர்ந்து ஒரு துரும்பை நகர்த்தியிருக்க மாட்டான். ஆகாசத்துலயே கல்யாணம். முடிஞ்சு அன்னிக்குப் பொழுது போறதுக்குள்ள செத்து விழுந்துடுவான்!"

"எல்லாருமா?" என்றார் டாக்டர் பின்சோன், எழுதிக்கொண்டே.

"ஒருத்தன் தப்ப மாட்டான்! கல்யாணம் கட்டின ஆம்பிளை மறுநாள் சூரியனைப் பார்த்ததா சரித்திரமே கெடையாது, எழுதிக்குங்க!"

"உங்களுக்குக் கல்யாணமாகி?"

"இருபத்திமூணு வருஷம்," என்றான் ஆன்செல்மோ பெருமையாக. சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது.

டாக்டர் பின்சோன் கணக்குப் போட்டார். தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் மைக்கை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். "திருமதி ஹெர்மெலிண்டா அவர்களுக்கு வாரியத்தோட ஆழ்ந்த அனுதாபங்கள். இருபத்திமூணு வருஷம் காலதாமதமாத் தெரிவிக்கிறதுக்கு மன்னிக்கணும்." ஒரு நிமிடம் மௌனம் என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்தார்கள். ஆன்செல்மோவும் எழுந்து நின்றான், மரியாதை தெரிந்தவன்.

மௌனம் முடிந்ததும், "டாக்டர், நான் இங்கதான் நிக்கிறேன்," என்றான்.

"இறந்தவங்க ஆட்சேபணையைப் பதிவு பண்ண இடமில்லைங்க," என்றார் டாக்டர் பின்சோன் கனிவாக.

பட்டா எழுதப்பட்டது: 'பின்பகுதி செழித்த ராணியம்மாள் மற்றும் அவர் மருமகள், காலஞ்சென்ற குவல்த்ரோனின் விதவை ஹெர்மெலிண்டா.' அவள் கையெழுத்துப் போட்டாள். கோட்டின் மேலேயே போட்டாள். புகைப்படம் எடுக்கும்போது ஆன்செல்மோவைச் சற்று நகர்ந்து நிற்கச் சொன்னார்கள். தலைவர் மூன்று மணிப் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

பத்து நாள் கழித்து ஆன்செல்மோ என்னிடம் வந்தான். அடையாள அட்டையை வாரியம் வாங்கி நடுவில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் அடித்தாயிற்று. பாதிரியார் அவன் பெயரில் ஒரு பூசை வைத்துவிட்டார், அவனே போய் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டானாம்.

"உசுரோட இருக்கேன்னு ஒரு மனு அடிச்சுக் குடுங்க டான் எலியோடோரோ," என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பது வருடத்தில் முதன்முறையாக, மறுக்க முடியாத ஒரு மனு. காகிதத்தைச் சொருகி 'மேன்மை தங்கிய' வரைக்கும் அடித்துவிட்டேன். சத்தம் கேட்டு டாக்டர் பின்சோன் வாரிய வாசலுக்கு வந்து, எதிரே நின்றபடியே, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல் சொன்னார். "குடுங்க, தாராளமா உயிர்ச் சான்று தர்றோம். ஆனா நீங்க உயிரோட இருந்தா அந்தம்மா விதவை இல்லை. விதவை இல்லைன்னா பட்டா ரத்து. யோசிச்சுச் சொல்லுங்க."

ஹெர்மெலிண்டா கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனையே முடிவு செய்ய விட்டாள்.

ஆன்செல்மோ கொஞ்ச நேரம் மலைச்சரிவைப் பார்த்தான். பிறகு தானே கை நீட்டி என் இயந்திரத்திலிருந்து காகிதத்தை உருவினான். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"மழை நல்லாப் புடிச்சிருச்சு. குச்சியெல்லாம் துளிர்த்திருக்கு. களை எடுக்கணும்," என்றான்.

கழுதையை ஓட்டிக்கொண்டு இருவரும் வாரியத்தைக் கடந்தபோது டாக்டர் பின்சோன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, காலமானவர் தெருமுனை திரும்பும்வரை நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் அதிகாரி ஆன்செல்மோவுக்குத் தொப்பி கழற்றியது அன்றைக்குத்தான்.